என்ட பங்கைப் பிரிச்சுத் தாங்கோ

திருகோணமலைச் சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. அதில் என் மாமாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒருநாள் மற்ற இரண்டு பங்காளிகளும் பக்கத்துக் கடைக்காரரோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, "நடுச்சுவரை உடைச்சு ரெண்டையும் ஒண்டாக்குவம்" என்றார்கள். புதுப் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கதவு, பில் அடிக்கும் மெஷின் என்று கனவு விரிந்துகொண்டே போனது. மாமா தராசைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்கள் சேருறதெண்டால் சேருங்கோ. நான் வரேல்லை. என்ட பங்கைப் பிரிச்சுத் தாங்கோ."

மாமா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன இதே மூன்று வாக்கியத்தைத்தான் உலகமெங்கும் கம்பனி வக்கீல்கள் கோட் மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்ரைசல் ரைட்'. மாமாவிடம் ஃபீஸ் கேட்டால் ஒரு பிளேன் டீயோடு முடித்திருப்பார்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு காலத்தில் ஒரு கம்பனி இன்னொன்றோடு சேர வேண்டுமென்றால் பங்குதாரர் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரேயொரு வீம்புக்காரர் 'மாட்டேன்' என்றால் கல்யாணம் நின்றுவிடும். அமெரிக்காவில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பெரும்பான்மை சொன்னால் போதும் என்று சட்டத்தை மாற்றினார்கள். சரி, வீம்புக்காரர் என்ன ஆவார்? 'உங்கள் பங்குக்கு நியாயமான விலை போட்டுத் தருகிறோம், வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய் வாருங்கள்' என்றார்கள். தடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு கையில் காசோலையைத் திணித்தார்கள்.

இலங்கையிலும் இது உண்டு. 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கம்பனிகள் சட்டம், இணைப்பு பிடிக்காத பங்குதாரர் தன் பங்கைக் கம்பனியே வாங்க ஏற்பாடு செய்யும்படி கேட்கலாம் என்கிறது. ஒரு நிபந்தனை: தன் வாக்கு முழுவதையும் எதிராகப் போட்டிருக்க வேண்டும். மனசுக்குள் எதிர்த்தவர்களுக்கும், மண்டபத்துக்கு வெளியே சிகரெட் பிடித்தபடி எதிர்த்தவர்களுக்கும் ஒரு சதமும் கிடையாது.

ஆனால் உயிர்நாடியான கேள்வி வேறு. விலையை யார் போடுவது? மாமாவின் கடையில் என்றால் கடன் கொப்பி யார் கையிலோ, அவர். மற்ற இடங்களில்? அதற்கு எங்கள் துறைமுகத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும். இத்தனை முறை கைமாறிய சொத்து வேறெங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.

முதலில் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி. பாடப்புத்தகத்தில் தொப்பியும் வாளுமாக கம்பீரமாக நிற்குமே, அதேதான். அது பிறந்ததே ஒரு கட்டாயக் கல்யாணத்தில். ஆம்ஸ்டர்டாம், ஸீலாந்து, ரொட்டர்டாம், டெல்ஃப்ட், ஹோர்ன், என்குய்சன் என்று ஆறு ஊர்க் கம்பனிகள், மிளகு வாங்க ஆசியாவுக்கு ஓடிப்போய் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தன. ஓல்டன்பார்னவெல்ட் என்ற அரசியல் பெரியவர் எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, 1602 மார்ச் 20 அன்று தாலி கட்டிவைத்தார். ஆம்ஸ்டர்டாமுக்கு எட்டு நாற்காலி, ஸீலாந்துக்கு நாலு, மற்ற நாலு ஊருக்கும் ஆளுக்கொன்று. பதினேழாவது நாற்காலி ஆம்ஸ்டர்டாம் தவிர்த்த ஊர்களுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஆம்ஸ்டர்டாம் தனியாகப் பெரும்பான்மை ஆகிவிடக்கூடாதாம். கூட்டுக் குடும்பத்தில் டிவி ரிமோட்டைப் பங்கு போட்ட கதை.

அதே 1602-ல், மே மாதக் கடைசியில், ஜோரிஸ் வன் ஸ்பில்பர்கன் என்ற மாலுமி நமக்குக் கொஞ்சம் தெற்கே மட்டக்களப்புக் கடலில் நங்கூரம் போட்டார். கண்டி ராசாவைப் போய்ப் பார்த்தார், விருந்து சாப்பிட்டார், நட்பு பேசினார். அவர் புறப்பட்டது முந்தின வருஷம், ஸீலாந்துக் கோஷ்டியின் காசில். அவர் கடலில் மிதந்துகொண்டிருந்தபோதே ஊரில் இணைப்புச் சாசனம் கையெழுத்தாகிவிட்டது. பாவம், லீவு முடிந்து வந்து பார்த்தால் ஆபீஸ் போர்டே மாறியிருக்கும் ஊழியரைப் போல!

புதுக் கம்பனிக்குக் காசு போட யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் எழுதினார்கள். பெயர் எழுதும் புத்தகம் இருந்தது ஒரு பணிப்பாளரின் வீட்டில். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி, கடைசி நேரத்தில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு 100 கில்டர் போட்டாள். நீல்ட்ஜன் கொர்னெலிஸ் என்று புத்தகத்தில் பெயர் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட்ட கனவான்களில் எத்தனை பேரை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்போது கவனியுங்கள். அந்தச் சாசனத்தில் ஓர் அருமையான வரி இருந்தது. பத்து வருஷம் கழித்து, 1612-ல், முழுக் கணக்கும் காட்டப்படும். விருப்பமில்லாதவர்கள் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். அடடா! நம் மாமாவின் மூன்று வாக்கியத்தையும் நானூறு வருஷத்துக்கு முன்பே முத்திரை குத்தி எழுதிவைத்துவிட்டார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவசரப்பட்டுக் கலங்கிவிட்டேன். இடையில் 1610 வந்தது. முதல் லாபப் பங்கு தரப்போகிறோம் என்று கம்பனி அறிவித்தது. எல்லோரும் பையோடு ஓடினார்கள். பையைக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் கம்பனி கொடுத்தது சாதிபத்திரி. ஆமாம், பிரியாணியில் போடுவோமே, அதே சாதிபத்திரி. பங்கின் பெறுமதியில் 75 சதவீதத்துக்கு! ஆயிரம் கில்டர் போட்டவருக்கு 750 கில்டர் பெறுமதியான சாதிபத்திரி. 750 கில்டர் பெறும் என்று யார் சொன்னது? கம்பனிதான். ஊர் முழுக்க ஒரே நாளில் ஒரே சரக்கை விற்க ஓடினால் என்ன விலை போகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

இதற்கு முன்பே ஒருவர் குரல் கொடுத்திருந்தார். ஐசாக் லெ மேர். ஆரம்பத்தில் கம்பனியின் பெரும் பங்குதாரர்களில் ஒருவர், பணிப்பாளரும்கூட. 1609 ஜனவரியில் ஓல்டன்பார்னவெல்டுக்கே பெரிய மனு எழுதி, கம்பனி நிர்வாகம் கெட்டுக் குட்டிச்சுவராய்ப் போகிறது, பங்குதாரருக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்று வெளுத்து வாங்கினார். உலகின் முதல் பங்குதாரர் போராளி என்று இன்றைக்கும் புத்தகங்களில் இவருக்கு மாலை போடுகிறார்கள்.

மாலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போமா? செலவுக் கணக்கில் கைவைத்தார் என்ற புகாரில் 1605-லேயே அவரை நிர்வாகத்திலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். மனு எழுதிய அதே நாட்களில், தன்னிடம் இல்லாத பங்குகளையெல்லாம் 'பிறகு தருகிறேன்' என்று விற்றுக்கொண்டும் இருந்தார். விலை விழுந்தால் இவருக்கு லாபம். ஒரு கையால் தீ என்று மணியடித்துக்கொண்டே மறு கையால் பக்கத்து வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்டார். 1610-ல் அரசாங்கம் அந்த மாதிரி வியாபாரத்துக்கே தடை போட்டது.

இருந்தாலும் மனுஷனை வெறுக்க முடியவில்லை. 22 பிள்ளைகளின் தகப்பன். வீட்டில் சாப்பாட்டு நேரமே ஒரு பொதுக்கூட்டம்! 1624-ல் செத்தபோது அவர் கல்லறையில், முப்பது வருஷத்தில் தான் தொலைத்த பெரும் தொகையைப் பெருமையாகப் பொறித்துவைத்தார்கள், மானத்தை மட்டும் தொலைக்கவில்லையாம். நஷ்டக் கணக்கைக் கல்லில் வெட்டிக்கொண்ட வியாபாரியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அந்த விவகாரம் முழுவதிலும் ஒழுங்காக வெளியிடப்பட்ட கணக்கு அது ஒன்றுதான்.

1612 வந்ததா? வந்தது. கணக்கு வந்ததா? கம்பனி அரசாங்கத்திடம் போய் 'கணக்குக் காட்டினால் எதிரிக்குத் தெரிந்துவிடும்' என்கிற மாதிரி ஏதோ முனகியது, அரசாங்கம் விலக்களித்தது. கணக்கும் இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. காசு வேண்டுமா, உங்கள் பங்கை வேறு யாராவது ஏமாந்தவர் தலையில் கட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள். ஆம்ஸ்டர்டாமின் பங்குச்சந்தை கொழித்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். கதவை அடைத்ததால் ஜன்னல் வழியாகக் குதித்தவர்களின் கூட்டத்துக்குத்தான் இன்றைக்கு நாம் ஸ்டாக் மார்க்கெட் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறோம்.

1622-ல் பங்குதாரர்கள் மறுபடி கொதித்தார்கள். கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் பன்றிக்கொழுப்பைத் தடவி நாய்க்குப் போட்டுவிட்டார்களோ என்று ஒரு துண்டுப்பிரசுரம் கிண்டலடித்தது. ஹோம்வொர்க்கை நாய் தின்றுவிட்டது என்று வாத்தியாரிடம் சொன்னவர்களெல்லாம் எழுந்து நில்லுங்கள். உங்களுக்கு நானூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

அங்கே கொழுப்பும் நாயுமாக இருந்த அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு டி சா, சுவாமி மலைக் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார். கம்பனிச் சட்டத்தில் 'கன்வர்ஷன்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு வகை நிறுவனத்தை இன்னொரு வகையாக மாற்றுவது. கோயிலைக் கோட்டையாக்கியதுபோல முழுமையான கன்வர்ஷன் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. பங்குதாரர் கூட்டமும் கூட்டவில்லை, கோணேசரிடம் நியாய விலையும் பேசவில்லை.

அந்தக் கோட்டை வாசலில் ஒரு கல்வெட்டுத் துண்டு இன்றும் நிற்கிறது. பக்கத்தில் மீன் சின்னம். குளக்கோட்டன் எடுத்த திருப்பணியைப் பறங்கி வந்து பிரிப்பான், அவனுக்குப் பிறகு கண் நிறம் வேறு வேறான கூட்டமெல்லாம் வரிசையாக வந்து ஆளும் என்று அதற்குச் சொல்லும் பொருள். ஊரை யார் யார் வாங்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே எழுதிய ரிப்போர்ட்! டி சா இதன் பிரதியைப் போர்த்துக்கலுக்கு அனுப்பினார் என்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையை வாசித்து, ரசித்து, ஃபோட்டோகொப்பி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகும் அதே பள்ளத்தில் விழுந்த அதிகாரிகளுக்கு அவர்தான் தலைவர். 1630-ல் ரந்தெனிவெலவில் கண்டிப் படை அவரை முடித்துவைத்தது.

அடுத்து கண்டியின் இரண்டாம் ராசசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைக் கூட்டுச் சேர்த்தார். 1638-ல் ஒப்பந்தம். பிடிக்கும் கோட்டைகளில், ராசா விரும்பினால், ஒல்லாந்தர் காவல் இருக்கலாம் என்பது ராசாவிடமிருந்த பிரதி. ஒல்லாந்தர் பிரதியில் அந்த 'ராசா விரும்பினால்' மட்டும் காணவில்லை! கொழுப்புத் தடவிய நாய் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும்.

அது போதாதென்று, யுத்தச் செலவை ராசாதான் கறுவாவும் மிளகுமாகக் கட்ட வேண்டும். செலவு எவ்வளவு? கொப்பி ஒல்லாந்தர் கையில். கட்டக் கட்ட பில் வளர்ந்தது. தன் நாட்டைத் தனக்கே மீட்டுத் தரச் சொன்ன ராசா, கடைசியில் தன் நாட்டுக்கே கடன்காரர் ஆனார். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கினான் என்று சிங்களத்தில் ஒரு பழமொழி இந்தக் கூத்திலிருந்துதான் வந்தது என்பார்கள்.

இதில் எங்கள் ஊருக்குக் கிடைத்த மதிப்பீடு தனிச் சுவை. 1639-ல் ஒல்லாந்தர் திருகோணமலையைப் பிடித்தார்கள். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இன்றைக்கு எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துகிறோமே, அதே துறைமுகம். சுற்றிப் பார்த்தார்கள். கறுவா மரம் இல்லை. கறுவா விளையும் பகுதிக் கோட்டைகளை 'பில் பாக்கி இருக்கிறதே' என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், இதை மட்டும் தாராள மனசோடு ராசாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு மற்றவர்கள் கண்வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடித்துப்பிடித்துத் திரும்பி வந்தார்கள். பழைய சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரன் விலைக்குக் கேட்ட பிறகுதான் அது நமக்குப் பொக்கிஷமாகிறது.

வெளியேறும் உரிமை இல்லாதவனின் கதியைப் பார்க்கத் துறைமுகத்தின் எதிர்க்கரைக்குப் போனால் போதும். 1660-ல், புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக்குடாவில் ஒதுங்கியது. அதில் வந்த இளைஞன் ரொபேர்ட் நொக்ஸ் மூதூர்ப் பக்கம் ராசாவின் ஆட்களிடம் மாட்டினான். 19 வருஷம்! நம் ஆட்கள் மியூச்சுவல் ஃபண்டில் மூன்று வருஷ லொக்-இன் என்றாலே முகம் சுளிப்பார்கள். நொக்ஸ் தொப்பி பின்னி விற்று, நெல்லைக் கடன் கொடுத்து வட்டி வாங்கி, கணக்கை ஒழுங்காக வைத்துக்கொண்டு, 1679-ல் ஓடிப்போய் புத்தகம் எழுதிப் பேர் வாங்கினான். இலங்கையில் முதலீடு செய்யாமலேயே லாபம் பார்த்த வெள்ளைக்காரன் அவன் ஒருவன்தான்.

1672-ல் பிரெஞ்சுக்காரர் கப்பற்படையோடு வந்தார்கள். கண்டிக்குத் தூது போன லனெரோல் என்ற பிரபு, அரண்மனை வாசல்வரை குதிரையை விட்டு இறங்கமாட்டேன் என்று கெத்துக் காட்டினார். ராசா அவரைப் பிடித்து விலங்கிட்டார். கப்பற்படை போய்விட்டது, பிரபு இங்கேயே தங்கிவிட்டார். டி லனெரோல் என்ற குடும்பப் பெயர் இன்றும் இலங்கையில் உண்டு. ஒரு டேக்ஓவர் முயற்சியில் வாங்க வந்த கம்பனியின் அதிகாரியையே இந்த ஊர் வாங்கிவிட்டது.

உச்சம் 1782. ஜனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார். ஆகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரன் அவரிடமிருந்து பிடித்தார். சஃப்ரன் சரியான தொந்தி, சரியான சாப்பாட்டுப் பிரியர். வரலாற்று ஓவியங்களில் கோட்டின் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தாலே தெரியும். செப்டம்பர் 2 மாலை ஹியூஸ் காப்பாற்ற வந்து பார்த்தால் கோட்டை மேலே பிரெஞ்சுக் கொடி. வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்தால் பூட்டு மாறியிருப்பதைப் போல. மறுநாள் இருவரும் கடலில் கணக்குத் தீர்த்தார்கள். அடுத்த வருஷ சமாதானத்தில் கோட்டை பழையபடி ஒல்லாந்தருக்கே. ஒரே வருஷத்தில் மூன்று முதலாளிகள்! கோட்டைக்குள் இப்போது மேயும் புள்ளிமான்கள், யார் பக்கத்தில் போனாலும் தலையைத் தூக்காமல் ஏன் மேய்கின்றன என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

1795-ல் ஒல்லாந்து பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், அங்கே கியூ மாளிகையில் இருந்துகொண்டு, 'ஆங்கிலேயர் வந்தால் நண்பர்களாக உள்ளே விடுங்கள்' என்று கடிதம் எழுதினார். எம்.டி. போட்டிக் கம்பனியின் விருந்தினர் அறையில் படுத்துக்கொண்டு, 'சாவியைக் கொடுத்துவிடுங்கள்' என்று எல்லாக் கிளைக்கும் மெயில் போட்ட கதை. திருகோணமலைத் தளபதி மறுத்தார். மூன்று வாரம் முற்றுகை, ஆகஸ்ட் 26 சரணாகதி. எதிர்த்து வாக்களித்ததற்கு அவருக்குக் கிடைத்த நியாய விலை பீரங்கிக் குண்டு. கம்பனியோ மலையளவு கடனோடு 1799-ன் கடைசி நாளில் கண்ணை மூடியது. 1612-ல் பார்க்க வேண்டிய கணக்கு ஒருவழியாக முடிந்தது.

அப்படியானால் இந்தத் துறைமுகத்தில், போகிறேன் என்று சொல்லி, விலை போட்டு, காசு வாங்கிக்கொண்டு போனவர் ஒருவர்கூட இல்லையா? இருக்கிறார். 1957-ல் பண்டாரநாயக்க அரசு கேட்டு, பிரிட்டிஷ் கடற்படை தளத்தை விட்டுப் புறப்பட்டது. விட்டுப்போகும் கட்டடங்களுக்கும் சாமான்களுக்கும் விலை போட்டுத் தவணை முறையில் இலங்கையிடம் காசு வாங்கியது. வரும்போது ஒரு சதம் கொடுக்காமல் வந்தவர்கள்! பங்கைப் பிரித்து வாங்கும் கலையை அவர்கள்தான் மாமாவுக்குப் பாடம் எடுத்திருக்க வேண்டும்.

சீனக்குடாவில் அவர்கள் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளின் கதை இன்னும் ஓடுகிறது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 தாங்கி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி.க்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் இலங்கைக்கு 51 சதவீதம், இந்தியாவுக்கு 49. ஒல்லாந்தர் கம்பனியின் பதினேழு நாற்காலிக் கணக்கு பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு வித்தியாசத்தின் அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, மாமா கடைக்கு வருவோம். ஒரு கிழமை கடையைப் பூட்டி இருப்பெடுத்தார்கள். அரிசி மூடை, டின்மீன், சவர்க்காரம், ஃபிரிட்ஜ், தராசு. கடைப் பூனைக்கு மட்டும் விலை போடவில்லை. எல்லாம் முடிந்ததும் மாமா எழுந்து, "கடன் கொப்பியையும் எடுங்கோ. வரவேண்டிய காசிலயும் எனக்கு மூண்டில ஒண்டு" என்றார். சட்டப்படி, தர்மப்படி, ஐசாக் லெ மேர்படி நியாயமான கோரிக்கை.

கொப்பியைப் புரட்டினார்கள். பக்கம் பக்கமாக அதிகம் நிறைந்திருந்த பெயர் மாமியுடையது. பருப்பு, தேங்காய், பால்மா, தீபாவளிக்கு நெய் என்று பத்து வருஷச் சாமான். கழித்துப் பார்த்தபோது மாமாவின் பங்கில் மிஞ்சியது அந்தத் தராசு.

மாமா ஒரு வார்த்தை பேசாமல் தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மாமா, அந்தக் கொப்பியை எழுதினது ஆர்? அவங்கள் ஏதும் கூட்டி எழுதியிருப்பாங்கள்" என்றேன்.

"கொப்பி எழுதினது நான்தானடா" என்றார்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து சீனக்குடா வரை நானூறு வருஷக் கதையில், கொப்பியைத் தன் கையிலேயே வைத்திருந்தும் தோற்றுப்போனவர் என் மாமா ஒருவர்தான்.